பாறை பார்க்கப் போவோம், படகைப் பார்த்து ஏறுவோம்!



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் திருப்பம், சேமிப்புக் கணக்கு எல்லாம் பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு உறுப்பினர் தன் செல்போனை எல்லோரிடமும் காட்டினார். கடலுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் குன்றுகள். அந்தக் குன்றுகளுக்கு இடையில் விளக்குப் போட்ட பெரிய பெரிய படகுகள். அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம்.

"இது எங்கக்கா இருக்குது? நம்ம குழுவெல்லாம் சேந்து இந்த மாதிரி ஒரு ராத்திரி போயிட்டு வர முடியாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதானே? வருஷம் முழுக்க அடுப்பு, மாடு, நடவு, களை, தறி என்று உழைக்கிற நமக்கு ஒரு நாள் கடலைப் பார்க்க ஆசை இருக்காதா? இந்த இதழில் அதற்குத்தான் பதில் சொல்கிறோம். கூடவே, படகு ஏறுவதற்கு முன் நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்களையும் சொல்கிறோம். இரண்டாவதாகச் சொல்லப்போவதுதான் முக்கியம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

அந்தப் படத்தில் இருந்த இடம் எது?

அது வியட்நாம் நாட்டில் உள்ள ஹாலோங் விரிகுடா. அங்கே கடலுக்குள் 1,600-க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் இருக்கின்றன. 1994-ல் யுனெஸ்கோ அமைப்பு அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் மக்கள் வந்து, படகிலேயே ஓர் இரவு தங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் குன்றுகள் எப்படி உண்டாயின? அவையெல்லாம் சுண்ணாம்புக் கல். சுண்ணாம்புக் கல்லின் மேல் எலுமிச்சம்பழச் சாற்றை விட்டால் நுரைத்துப் பொங்கும். கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மழைத் தண்ணீரும் காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்போடுதான் விழுகிறது. கோடிக்கணக்கான வருஷங்கள் அந்த மழை பெய்து பெய்து கல்லைக் கரைத்தது. கரையாமல் மீந்த பாகம் குன்றாக நின்றது. பிறகு கடல் உள்ளே வந்து பள்ளங்களை நிரப்பியது. நாம் படத்தில் பார்த்தது அந்த மீந்து நின்ற கற்களைத்தான்.

சரி, அங்கே போக பாஸ்போர்ட் வேண்டும், விமான டிக்கெட் வேண்டும். நம் குழுவுக்கு இப்போதைக்கு அது எட்டாது. ஆனால் ஓர் இரவுப் பயணமும், கடலில் நிற்கும் பாறைக்குப் படகுச் சவாரியும் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. கன்னியாகுமரிதான் அந்த இடம்.

நம் குமரிப் பாறைகள்

உத்திரமேரூர் பக்கத்திலிருந்து நாம் செங்கல்பட்டு போய் ரயில் ஏறலாம். சென்னையிலிருந்து மாலையில் புறப்படும் கன்னியாகுமரி விரைவு வண்டி இரவு முழுக்க ஓடி, விடியற்காலையில் குமரி போய்ச் சேர்கிறது. சுமார் 700 கிலோமீட்டர் தூரம். ராத்திரி ரயிலில் தூங்கிவிட்டால் காலையில் கடல். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்பாகத்தான் தொடங்குகிறது. முன்பு இருந்த 120 நாள் கணக்கு மாறிவிட்டது. ஆகவே தேதியை முதலில் முடிவு செய்து, பதிவு தொடங்கும் நாளிலேயே பதிந்தால்தான் எல்லோரும் ஒரே பெட்டியில் போகலாம்.

கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் கடலில் இரண்டு பாறைகள் நிற்கின்றன. படகுகளை அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டுகிறது.

முதல் பாறையில் விவேகானந்தர் மண்டபம் இருக்கிறது. 1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்கள் விவேகானந்தர் அந்தப் பாறையில் தியானம் செய்தார். படகுக்குக் கொடுக்கக் காசில்லாமல் நீந்தியே போனார் என்று சொல்வார்கள். மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. குமரி அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்த பாதச் சுவடு என்று மக்கள் வணங்கும் ஸ்ரீபாதமும் அதே பாறையில்தான் இருக்கிறது.

பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர் சிலை. மொத்தம் 133 அடி உயரம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: திருக்குறளில் 133 அதிகாரம். கீழே உள்ள பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே உள்ள சிலை 95 அடி, அது பொருட்பாலின் 70-ம் இன்பத்துப்பாலின் 25-ம் சேர்ந்தது. கணபதி ஸ்தபதி வடித்த இந்தச் சிலை 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது.

முன்பெல்லாம் பலர் வள்ளுவர் பாறைக்குப் போகாமலே திரும்பி வருவார்கள். காரணம், அந்தப் பாறையைச் சுற்றித் தண்ணீர் ஆழம் குறைவு, உள்ளே கல் அதிகம். கடல் உள்வாங்கினால் படகு அணைய முடியாது. 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். இப்போது ஒரு பாறையில் இறங்கி மற்றதற்கு நடந்தே போகலாம். காலுக்குக் கீழே அலை தெரியும்.

குமரி மணலை மறக்கலாமா? சிவப்பு, கறுப்பு, வெளுப்பு என்று பொட்டலம் கட்டி விற்பார்கள். சுசீந்திரம் சிவனுக்கும் குமரி அம்மனுக்கும் நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோய், சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டது என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. அறிவியல் சொல்லும் கதை வேறு. அந்தப் பக்கத்துப் பாறைகளில் பல தாதுக்கள் கலந்திருக்கின்றன. பாறை தேய்ந்து பொடியாகும்போது கார்னெட் என்ற தாது சிவப்பு மணலாகவும், இல்மனைட் என்ற தாது கறுப்பு மணலாகவும் கரையில் ஒதுங்குகிறது. 50 கோடி வருஷத்துக்கும் மேல் பழமையான அந்தப் பாறையின் சொந்தக்காரர்கள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த நிலமெல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்ததற்கு அது சாட்சி.

படகு ஏன் கவிழ்கிறது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அண்டாத் தண்ணீரில் ஒரு சில்வர் கிண்ணத்தை மிதக்க விடுங்கள். நடுவில் நாலைந்து காசு போடுங்கள். நன்றாக மிதக்கும். அதே காசுகளை ஒரே ஓரமாகத் தள்ளுங்கள். கிண்ணம் சாயும், தண்ணீர் உள்ளே வரும். பிறகு கிண்ணத்தில் ஒரு உயரமான டம்ளரை நிறுத்தி வையுங்கள். லேசாகத் தட்டினாலே ஆடும். படகும் இப்படித்தான். பாரம் கூடினால் ஆபத்து. பாரம் ஒரு பக்கம் சேர்ந்தால் அதைவிட ஆபத்து. ஆள் எழுந்து நின்றாலோ மாடியில் கூட்டம் கூடினாலோ பாரம் உயரத்துக்குப் போய்விடும், அதுவும் ஆபத்து.

இது வெறும் கிண்ணக் கதை இல்லை. நடந்ததைப் பாருங்கள்:

தேக்கடி, 2009 செப்டம்பர் 30: இரண்டு அடுக்குச் சுற்றுலாப் படகு. கரையில் காட்டு விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள். படகு சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அதில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் பலர்.

பழவேற்காடு, 2011 டிசம்பர் 25: பண்டிகை நாளில் உல்லாசமாகப் போன குடும்பங்கள். ஏறியது மீன்பிடிப் படகு. உயிர்காக்கும் சட்டை யாரும் போட்டிருக்கவில்லை. 22 பேர் திரும்பி வரவில்லை.

கேரளம் தானூர், 2023 மே 7: 22 பேர் ஏற வேண்டிய படகில் 37 பேரை ஏற்றினார்கள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டினார்கள். 22 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள்.

அந்த அழகான ஹாலோங் விரிகுடாவிலும் இது நடந்தது. 2011 பிப்ரவரியில் பயணிகள் தூங்கிக்கொண்டிருந்த இரவுப் படகு ஒன்று விடிவதற்கு முன் மூழ்கி 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 19-ல் திடீரென்று வீசிய புயல் காற்றில் இன்னொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடலையோ ஏரியையோ குறை சொல்லிப் பயனில்லை. ஏற்றக்கூடாத அளவு ஏற்றியது, போடவேண்டிய சட்டையைப் போடாதது, ஒரே பக்கம் கூடியது, போகக்கூடாத நேரத்தில் போனது. பெரும்பாலான விபத்துகளில் இந்த நாலில் ஒன்றாவது இருக்கும். நாலையும் கேள்வி கேட்டே தடுக்க முடியும்.

எங்களுக்கு நடந்தது

அடுத்தவர் கதையை மட்டும் சொல்லிவிட்டு எங்கள் கதையை மறைப்பது நியாயமில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்களில் 26 பேர் வேன் பிடித்துச் சுற்றுலா போனோம். இடம் எது என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒரு படகுச் சவாரி. படகின் பக்கத்தில் "20 பேர்" என்று பெயிண்டில் எழுதியிருந்தது. எல்லோரும் பார்த்தோம். படகுக்காரர், "எல்லாம் பொம்பளைங்கதானேம்மா, வெயிட்டா இருக்கப் போவுது? ஏறுங்க ஏறுங்க" என்றார். உயிர்காக்கும் சட்டைகள் ஒரு மூலையில் ஈரமாகக் குவிந்து கிடந்தன. பாதிக்கு வார் இல்லை. "அத்தப் போட்டுக்கினா பொடவை பாழாப் பூடும்" என்று நாங்களே ஒதுக்கிவிட்டோம்.

எங்களில் வயதில் மூத்த உறுப்பினர் மட்டும் ஏறவில்லை. "ரெண்டு நடையாப் போலாம். ஆளுக்கு ஒரு சட்டை குடு" என்றார். படகுக்காரர், "அப்போ ரெண்டு வாடகை" என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? படகுக்காரரை விட்டுவிட்டு எங்கள் அக்காவைத்தான் திட்டினோம். "உன்னால எல்லாருக்கும் லேட்டாவுது. ஆசையா வந்த எடத்துல ஏன்க்கா இப்படிப் பண்ற?" என்றோம். அவர் பதில் பேசவில்லை. கரையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் 25 பேரும் ஏறிப் போனோம்.

நடுவில் போகும்போது காற்று எழும்பியது. ஒருவர் போட்டோ எடுக்கக் கூப்பிட, பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்து போனார்கள். படகு சாய்ந்து, கணுக்கால் வரைக்கும் தண்ணீர் வந்தது. இரண்டு நொடிதான். படகுக்காரர் கத்திய கத்தலில் எல்லோரும் உட்கார்ந்தோம். கரைக்கு வந்து சேரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் அந்த அக்கா எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"மாசா மாசம் கூட்டத்துல அஞ்சு ரூவா கணக்கு இடிச்சாகூட நீங்க என்னை உடமாட்டீங்க. இருவது பேர் ஏர்ற படகுல இருவத்தஞ்சு பேர் ஏறினீங்களே, அது உங்களுக்குக் கணக்கா தெரியலையா?"

யாரிடமும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம்: இனிமேல் குழுச் சுற்றுலாவில் எழுதிப் போட்ட அளவுக்கு மேல் ஒருவர் ஏறினாலும் குழுவே ஏறுவதில்லை.

வெட்கப்படாமல் கேட்போம்

வங்கி மேலாளரிடம் வட்டி எவ்வளவு என்று கேட்கத் தெரிந்த நமக்குப் படகுக்காரரிடம் கேட்க ஏன் கூச்சம்? இதை வெட்டி எடுத்துக் குழு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

1. இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம்? எங்கே எழுதியிருக்கிறது? ஏறுமுன் ஊக்குநர் தலையை எண்ண வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையும் ஒரு தலைதான்.

2. பதிவு எண் இருக்கிறதா? ஏரி, ஆறு, உப்பங்கழிகளில் ஓடும் இயந்திரப் படகுகளைப் பதிவு செய்து ஆய்வுச் சான்று வாங்க வேண்டும் என்று 2021-ல் வந்த உள்நாட்டுக் கலன்கள் சட்டம் சொல்கிறது. கேட்பது நம் உரிமை. மீன் பிடிக்கும் படகில் சுற்றிப் பார்க்க ஏறவே வேண்டாம்.

3. ஆளுக்கு ஒரு உயிர்காக்கும் சட்டை இருக்கிறதா? கையில் வைத்திருந்தாலும் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே போட்டிருந்தாலும் உதவாது. கரையிலேயே போட்டு வாரை இறுக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு அதன் மேல் போட்டால் சரியாக நிற்கும். தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு சரியில்லை. குழந்தைக்குப் பெரியவர் சட்டை ஆகாது, சின்ன அளவு கேளுங்கள்.

4. காற்றும் வானமும் எப்படி இருக்கிறது? குமரியில் கடல் சீற்றம் இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். "இவ்ளோ தூரம் வந்தோமே" என்று சண்டை போடாதீர்கள். நிறுத்துவது நம் நல்லதுக்குத்தான். பொழுது சாய்ந்த பிறகு சின்னப் படகில் ஏறாதீர்கள்.

5. ஏறிய பிறகு உட்கார்ந்தே இருங்கள். டால்பினே வந்தாலும் எழுந்து ஒரு பக்கம் ஓடாதீர்கள். போட்டோவைப் பாறையில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம்.

6. கேரளத்து ஆலப்புழை போன்ற இடங்களில் இரவு தங்கும் படகு வீடு எடுத்தால், முதல் வேலையாக வெளியே போகும் வழி எத்தனை, எங்கே என்று பாருங்கள். சட்டையைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குங்கள். கதவுக்கு முன்னால் மூட்டை வைக்காதீர்கள்.

7. அவசர எண்கள்: 112. கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

பணமும் ஆளும்

சுற்றுலாவுக்குக் குழுக் கடனில் கை வைக்க வேண்டாம். சுழல் நிதியைத் தொடவே வேண்டாம். தனியாக ஒரு சுற்றுலாச் சேமிப்பு தொடங்குங்கள். 15 பேர் மாதம் 150 ரூபாய் போட்டால் 12 மாதத்தில் 27,000 ரூபாய். ஆளுக்கு 1,800. வரவு செலவைத் தனி நோட்டில் எழுதி, திரும்பி வந்த முதல் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். கணக்குக் காட்டாதவர் வாரியப் பொறுப்புக்கு நிற்கக்கூடாது என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, பராந்தக சோழன் காலத்தில், கல்லில் வெட்டி வைத்த ஊர் நம் உத்திரமேரூர். நாம் தவறலாமா?

இன்னொன்று. ஒவ்வொரு சுற்றுலாவிலும் "எங்க வூட்ல உடமாட்டாங்க", "அவ்ளோ பணம் எங்கிட்ட இல்ல" என்று இரண்டு மூன்று பேர் பின்வாங்குவார்கள். பணம் பிரச்சினை என்றால் அவர்களுக்கு 12 மாதத்தை 18 மாதமாக நீட்டிக் கொடுங்கள். வீடு பிரச்சினை என்றால் இரண்டு பேர் போய்ப் பேசுங்கள். எங்கே போகிறோம், எந்த வண்டி, எப்போது திரும்புவோம், யார் செல்போன் எண் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருவோம் என்ற நம்பிக்கை வந்தால் வீட்டாரும் விடுவார்கள். ஒரு தடவை அஜாக்கிரதையாக நடந்தால் அடுத்து எந்த வீட்டிலும் விடமாட்டார்கள். படகில் நாம் காட்டும் கவனம் அடுத்துப் போக வேண்டிய பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி அன்று குமரிப் பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பாறை அவர்களைத் தாங்கியது. உள்ளூர் மீனவர்கள் தங்கள் படகுகளில் போய் அவர்களைக் கரை சேர்த்தார்கள். கடலைத் தெரிந்தவர்களின் அனுபவம் அன்றைக்கு அத்தனை பேரைக் காப்பாற்றியது. ஆகவே கரையில் இருக்கும் மீனவர், "இன்னிக்கு வேணாம்மா" என்று சொன்னால் அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

அன்று கரையில் தனியாக உட்கார்ந்த அந்த அக்காவுக்கு இப்போது 67 வயது. இதுவரை குமரியைப் பார்த்ததில்லை. அடுத்த தை மாதம் போவதாக எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. படகுத் துறையில் தலையை எண்ணும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்திருக்கிறோம்.

நீங்களும் போய் வாருங்கள் சகோதரிகளே. போன அனுபவத்தை நமக்கு எழுதுங்கள்.

எண்ணி ஏறுவோம்! எல்லோரும் திரும்புவோம்!